பெயர் வைக்காத மகள்

ஞானமுத்து அண்ணாச்சி கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவருடைய மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தியை ஒரே நாளில் பதினோரு முறை அவரிடம் சொல்லவைத்தவள் நான்.

அப்போது சென்னையில் ஒரு திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டில் எல்லோருக்கும் ஒரே பயிற்சிதான். இரண்டு பேர், ஒரு மேஜை, நான்கு நிமிடப் பேச்சு. பாட்டு கூடாது, ஓட்டம் கூடாது. “பேசுறவன் முகத்தை எப்பக் காட்டணும், கேக்குறவன் முகத்தை எப்பக் காட்டணும், அது தெரிஞ்சா பாதி சினிமா தெரிஞ்ச மாதிரி” என்பார் எங்கள் பேராசிரியர். அதில் நன்றாக வருகிற ஒரு படத்தைக் கல்லூரியே வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்.

நான் எழுதியது இது. கால்நடை மருத்துவம் படிக்கும் மகளைப் பார்க்க அப்பா விடுதிக்கு வருகிறார். கையில் அவளுக்காக வாங்கிய ரப்பர் பூட்ஸ். வார்டன் அவரை உட்காரச் சொல்கிறார். அப்பா மகளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார். காலையில் பண்ணைக்குப் போன வண்டி கவிழ்ந்து மகள் இறந்துபோன செய்தியை வார்டன் சொல்லியாக வேண்டும். இரண்டரைப் பக்கம்.

வார்டனாக நடிக்க பர்வீன் ஒப்புக்கொண்டாள். மேடை நாடகத்தில் பல வருடம் பழகியவள். அப்பாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. மாதவரம் பக்கம் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை செய்கிற ஒருவர் சர்ச் நாடகத்தில் வருடாவருடம் ஏரோது என்கிற கொடுங்கோல் ராஜா வேடம் கட்டுவார் என்று யாரோ சொல்ல, போய்ப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். நல்ல முகம். ஆனால் வசனம் சொல்லச் சொன்னால் ஏரோதுதான் வந்தார். அறையே அதிர்ந்தது.

“கத்தாம சொல்லணும் அண்ணாச்சி.”

“கத்தலியேம்மா, மெதுவாத்தான சொல்லுதேன்” என்றார், கத்திக்கொண்டே.

அதனால்தான் வில்லையைக் கேட்டேன்.

வில்லை அந்த வருடம்தான் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது, ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். காட்சியை அதில் ஏற்றி இயக்கினால், ஒட்டிக்கொண்டவர் அந்த நான்கைந்து நிமிடம் தன்னை அந்தப் பாத்திரம் என்றே நம்புவார். எழுதியதெல்லாம் அவருடைய சொந்தப் பேச்சாகவே வாயில் வரும்.

ஆய்வகப் பொறுப்பாளர் நளாயினி மேடம் அதை என் கையில் கொடுக்குமுன் உட்காரவைத்துச் சொன்னார்.

“இது நடிப்பு இல்ல மகிழினி. அவருக்கு அது நிஜமாவே நடக்குது. அதனால ஒவ்வொரு டேக் முடிஞ்சதும் இந்த ரிமோட்டுல ‘முடி’ன்னு இருக்குல்ல, இதை அழுத்து. பத்து நிமிஷம் மனசைக் கழுவிவிடும். அதுவரைக்கும் அவரைப் படுக்க வெச்சிரு. ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு மூணு தடவைதான். அதுக்கு மேல போனா தானாவே பூட்டிக்கும்.”

“நடுவுல தடங்கல் வந்தா?”

“‘நிறுத்தி வை’ இருக்கு. கரண்ட் போச்சு, யாரோ கதவைத் தட்டிட்டாங்க, அதுக்கெல்லாம். ஆனா அது கழுவாது. சும்மா ஓரமா ஒதுக்கி வைக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல அப்படி விடாத. எதாவது ஒட்டிக்கிட்ட மாதிரி தெரிஞ்சா முப்பது நாளைக்குள்ள எங்கிட்ட கூட்டிட்டு வா. அதுக்கப்புறம்னா ஊறிடும், எடுக்க முடியாது.”

நிறுத்தி வைத்து மறுபடி இயக்கினால் அது எண்ணிக்கையில் சேராது என்பதை அவர் சொல்லவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படப்பிடிப்பு. வகுப்பறை ஒன்றை வார்டன் அறையாக மாற்றியிருந்தோம். என் வகுப்புத் தோழன் தருண் கேமரா. முதல் டேக்கில் இருவரும் தெரிகிற அகலமான காட்சி.

அண்ணாச்சி உள்ளே வந்தார். ஏரோது காணாமல் போயிருந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பூட்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“கொட்டகைல ஈரத்துல நின்னு நின்னு காலெல்லாம் புண்ணாயிட்டுன்னு சொன்னா. அதான் வாங்கிட்டு வந்தேன். ஆறாம் நம்பரு. பொம்பளப் பிள்ளைக்கா பூட்ஸுன்னு கடைக்காரன் சிரிக்கான். எம் பொண்ணு மாட்டு டாக்டருலேன்னு சொன்னேன். போன வாரம் கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டாளாம். அது வலில கத்தாம இவ கைய நக்குச்சாம். போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சா…”

கடைசி வரியைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். தன் பிள்ளையை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. தருண் திரும்பி என்னைப் பார்த்தான்.

பர்வீன் சொன்னாள்: “ஐயா, காலையில பண்ணைக்குப் போன வண்டி கவுந்திடுச்சு. உங்க பொண்ணு இறந்துட்டாங்க.”

அவர் உடனே அழவில்லை. பையின் காதைச் சரிசெய்தார். பிறகு “எந்த வண்டி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி நான் எழுதியதுதான். ஆனால் எழுதும்போது அது இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.

சுவரில் மைக்கின் நிழல் விழுந்துவிட்டது. டேக் வீணானது.

‘முடி’ அழுத்தினேன். பத்து நிமிடம் படுத்து எழுந்தவர், கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, “நல்லா அழுதேனாம்மா?” என்றார் உற்சாகமாக. இரண்டாவது டேக்கில் விமானம் ஒன்று தலைக்கு மேல் போயிற்று. ஒலிப்பதிவு கெட்டது. மறுபடி ‘முடி’.

இன்னும் ஒரு முறைதான் பாக்கி. ஆனால் எனக்கு அகலக் காட்சி வேண்டும், அவர் முகம் தனியாக வேண்டும், பர்வீன் முகம் வேண்டும். அங்கேதான் விரல் ‘நிறுத்தி வை’ மேல் போயிற்று.

மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவதில் அவர் முகம் ஃபோகஸில் இல்லை. ஐந்தாவது சரி. அடுத்து அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பர்வீன் முகம். அதில் அண்ணாச்சியின் முதுகு மட்டும்தான் தெரியும். அதற்கு வில்லையே தேவையில்லை. ஆனால் செய்தியைக் கேட்டதும் அந்தத் தோள் எப்படி இறங்குகிறது என்பதும் எனக்கு வேண்டியிருந்தது. முகம்கூடத் தெரியாத ஒரு ஷாட்டுக்காக அந்த மனிதருக்கு இரண்டு முறை மகள் செத்தாள்.

ஏழாவது முடிந்ததும் பர்வீன் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“போதும் மகி.”

“நல்லாத்தான இருக்காரு.”

“நீ மானிட்டரைப் பாக்குற. நான் அவரைப் பாக்குறேன். உள்ள வரும்போதே என்னைப் பாத்து பயப்படுறாரு. டேக் முடிஞ்சப்புறம் இப்ப எதுவும் கேக்குறதும் இல்ல, கவனிச்சியா?”

“சாப்பிட்டுட்டு ஒரே ஒரு தடவை சரிபாத்துடலாம் பர்வீன். முடிஞ்சுது.”

சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது இரண்டு முகங்களும் பொருந்தவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமராவை எப்போதும் அதற்கு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம். அண்ணாச்சியின் முகத்தைத் தனியாக எடுத்தபோது நான் கோட்டைத் தாண்டியிருந்தேன். ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே பக்கமாக வேறு யாரையோ பார்த்தார்கள்.

தப்பு என்னுடையது. அதற்காக இன்னும் நான்கு முறை அவரை உள்ளே வரச் சொன்னேன். பர்வீன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு வசனத்தை மட்டும் சொன்னாள்.

ஒன்பதாவதில், பர்வீன் “ஐயா” என்று வாய் திறக்குமுன் அண்ணாச்சி கையை லேசாகத் தூக்கி, “சொல்லாதீங்க” என்றார். காட்சியில் இல்லாத சொல். அதன் பிறகும் இரண்டு டேக் எடுத்தேன்.

கடைசியில் அறையின் மௌனத்தை முப்பது விநாடி பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப உதவும். யாரும் அசையக் கூடாது என்றேன். யாரும் அசையவில்லை. பிறகு ‘முடி’ அழுத்தினேன். ஒன்பது டேக்குக்கும் சேர்த்து ஒரே ஒரு கழுவல். ஆய்வகப் படிவத்தில் ‘மூன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படத்தொகுப்பில் பதினொன்றையும் வரிசையாகப் பார்த்தேன். முதல் டேக்கில் அவர் சிரித்துக்கொண்டு வருகிறார். ஆறாவதில் வாசலிலேயே ஒரு கணம் தயங்குகிறார். எட்டாவதில் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லி முடிக்க மனமில்லாமல் இழுக்கிறார், முடித்தால் அடுத்தது வந்துவிடும் என்பதுபோல. பதினொன்றாவதில் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அழுகிறார். வில்லை கழுவியதோ இல்லையோ, உடம்பு எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

பார்த்தேன். புரிந்தது. ஆனால் அந்த விநாடி என் கை செய்தது ‘சொல்லாதீங்க’வைத் தனியாக எடுத்து வைத்ததுதான். அதற்கு முன் பர்வீனின் முகத்தை வைத்தேன். அண்ணாச்சியின் குரல் அவள் முகத்தின் மேலேயே தொடங்கட்டும் என்று ஒலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தேன். காட்சிக்கு உயிர் வந்துவிட்டது.

திரையிட்ட அன்று விளக்கைப் போட்ட பிறகும் யாரும் எழவில்லை. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தச் ‘சொல்லாதீங்க’ நீ எழுதினதா?”

“ஆமா சார்.”

பர்வீன் எழுந்து வெளியே போய்விட்டாள். விழாவுக்கு என் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படப்பிடிப்பு முடிந்து பத்தொன்பதாம் நாள் அண்ணாச்சி போன் செய்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். பாப்பா பேரு என்ன?”

“எந்தப் பாப்பா அண்ணாச்சி?”

“எம் பொண்ணு. எனக்குப் பொண்ணு கிடையாதுன்னு தெரியுதும்மா. பைத்தியம்னு நெனச்சுக்கிடாதீங்க. ஆனா காலைல எந்திரிச்சா நெஞ்சு கனக்கு. அவள நெனச்சு அழணும்னு உக்காந்தா, பேரு வர மாட்டேங்கு. பெத்த பிள்ள பேரு மறந்துருமா?”

நான் பேர் வைக்கவில்லை. காட்சியில் ‘மகள்’ என்றுதான் எழுதியிருந்தேன். வார்டனும் ‘உங்க பொண்ணு’ என்றுதான் சொல்வாள். வசனத்தில் வராத பெயரை எதற்கு யோசிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பிற்பகலே எடைமேடைக்குப் போனேன். லாரி வந்து ஏறியது. அண்ணாச்சி ஜன்னல் வழியாக எடைச் சீட்டைக் கொடுத்தார், லாரியை இறக்கிவிட்டார். கை வேலையைத் தவறில்லாமல் செய்தது. முகம் மட்டும் வற்றியிருந்தது. “நீங்கதான எழுதினீங்க, உங்களுக்குத் தெரியும்லா” என்று இரண்டு முறை கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு நளாயினி மேடத்திடம் போயிருக்க வேண்டும். இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஆனால் போனால் ‘மூன்று’ என்று எழுதியதைச் சொல்ல வேண்டும். படம் போய்விடும். விழா முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதுவரை அவர் வலியைக் குறைக்க எனக்குத் தெரிந்த வேலையை வைத்தே ஒன்று செய்தேன்.

காட்சியை மறுபடி தொகுத்தேன். அவர் வருகிறார், உட்காருகிறார், பூட்ஸைக் காட்டுகிறார், கன்றுக்குட்டிக் கதையைச் சொல்கிறார். பர்வீன் கேட்கிற முகம்தான் சிக்கலாக இருந்தது, எல்லா டேக்கிலும் அவள் கண்ணில் செய்தி தெரிந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தபோது தருண் ஏதோ சொல்ல அவள் வாயைப் பொத்திச் சிரித்த ஒரு துண்டு கிடைத்தது. அதை அண்ணாச்சியின் கதைக்கு எதிரே வைத்தேன். அவர் சிரிக்கிறார், வார்டன் சிரிக்கிறாள், முடிந்தது. யாரும் சாகவில்லை. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

அதை அவர் போனில் போட்டுக் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். மூன்றாவது முறை அவர் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

“இப்ப நல்லாருக்கும்மா” என்றார்.

அடுத்த வாரம் இரண்டு முறை போன் செய்தார். நன்றாகத் தூங்குகிறாராம், சாப்பாடு இறங்குகிறதாம். நான் நிம்மதியானேன். முப்பது நாள் கடந்துபோனதைக் கவனிக்காததுபோல இருந்தேன்.

நாற்பதாம் நாள் போலிருக்கிறது. மறுபடி அவர் குரல். பின்னால் பஸ் சத்தம்.

“அம்மா, நான் மாட்டு டாக்டர் காலேஜ் வாசல்ல நிக்கேன். பொண்ணப் பாக்கணும்னேன். பேரு கேக்காங்க. எனக்குச் சொல்லத் தெரியல. அப்பன்னு சொல்லுதீங்க, பேரு தெரியலயான்னு அந்த வாட்ச்மேன் ஒரு மாதிரி பாக்கான். ஒரு மாசமா அவ ஒரு போன் பண்ணல பாத்துக்கிடுங்க. எம்மேல எதுவும் கோவமா இருக்காளா? நீங்க கொஞ்சம் உள்ள சொல்லுங்களேன்.”

ஆட்டோ பிடித்துப் போய் அவரைக் கொண்டுவந்து அவர் அறையில் விட்டேன். அங்கிருந்து நேராக நளாயினி மேடத்திடம் போனேன். பதினொன்றையும் சொன்னேன், படிவத்தைச் சொன்னேன், அந்த ஒரு நிமிடம் ஐம்பது விநாடியையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

“முப்பது நாளுக்குள்ள வந்திருந்தா அரை மணி நேர வேலை” என்றார். “சரி, வரல. அழுதுக்கிட்டிருந்தாருல்ல, அப்படியே விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. சாவுன்னா அழுது அழுது கொஞ்சம் கொஞ்சமா ஆறும். நீ அந்தச் சாவை வெட்டி எடுத்துட்ட மகிழினி. இப்ப அவருக்குப் பொண்ணு உயிரோட இருக்கா. ஆனா வரல, பேசல. இது எப்படி ஆறும்?”

“இனிமே என்ன செய்யலாம் மேடம்?”

“மருந்து இல்ல. யாராவது எதிர்ல உக்காந்து உண்மையைச் சொல்லணும். பொறுமையா, அவரு நம்புற வரைக்கும். நான் சொல்லட்டுமா?”

“வேணாம். நான் சொல்றேன்.”

படத்தை விழாவிலிருந்து திரும்பப் பெற்றார்கள். என்னைக் கல்லூரியிலிருந்து ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். பேராசிரியரிடம் போய், அந்தச் சொல் நான் எழுதியதில்லை என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பர்வீனுக்கு எழுதிய செய்திக்குப் பதில் வரவில்லை.

இதெல்லாம் சுலபமாக இருந்தது. எடைமேடைக்குப் போனதுதான் சுலபமாக இல்லை.

மத்தியானம் மூன்று மணி. அந்தச் சின்ன அறையில் ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல். எதிரே உட்கார்ந்தேன். என்னைக் கண்டதும், “விசாரிச்சீங்களாம்மா?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் பேச ஆரம்பித்தார். பரீட்சை நேரமாக இருக்கும், அதனால்தான் பேசவில்லை போலிருக்கிறது, படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாதுதான் என்றார். நான் எழுதாத ஒரு மகள் அவரிடம் வளர்ந்திருந்தாள். அவளுக்குப் புளிக்குழம்பு பிடிக்காதாம். பல்லியைக் கண்டால் பயமாம்.

எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லில் குறுக்கே புகுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு வாங்கிய நேரத்தில் சொன்னேன்.

“அண்ணாச்சி, அவ இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. நான் எழுதினது. அவளைப் பத்தி எழுதினதுகூட நாலு வரிதான். பேர்கூட வெக்கல. மூணு தடவைக்கு மேல பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் பதினோரு தடவை பண்ணினேன். உங்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் என்னாலதான்.”

முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்ச்சில் அவரைத் தெரிந்தவர்களைப் பற்றியும், அவர் தனியாக இருந்த இத்தனை வருடங்களைப் பற்றியும் அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு கட்டத்தில் அவர் மறுத்துக் கேட்பதை நிறுத்தினார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது.

“செத்துட்டான்னு சொல்லிருந்தா அழுதிருப்பேன்” என்றார். “இல்லவே இல்லன்னு சொல்லுதீங்க. அதுக்கு என்னம்மா செய்யணும்? எனக்குத் தெரியலியே.”

வெளியே ஜல்லி லாரி ஒன்று மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. அவர் எழுந்து எண்ணைப் பார்த்து, சீட்டைக் கிழித்து, ஜன்னல் வழியாக நீட்டினார். லாரி போன பிறகும் ஜன்னலருகிலேயே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பியபோது அவர் குரல் சாதாரணமாக இருந்தது.

“எனக்குன்னு துக்கம் கேக்க யாரும் வந்ததில்ல. நீங்கதாம்மா மொத ஆளு. இருங்க, டீ சொல்லுதேன்.”

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். குடித்து முடித்ததும், துக்க வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை என்பதால், நானும் எதுவும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தேன்.